அப்பாரு காலத்து ரேஷன் புக்குல "40, 2"ன்னா என்னங்க? உதவி வேணும்

வம்சக்கிளை: வணக்கமுங்க. அப்பாரு பெட்டியில யுத்த காலத்து ரேஷன் புக்கு கிடைச்சிருக்குது. வரி வரியா 40, 2 / 20, 1 / 40, 2 அப்படின்னு இருக்குது, பக்கத்துல ரூபாய் அணா. எத்தனை அரிசி வாங்குனாங்க, வீட்டுல எத்தனை பேர் இருந்தாங்கன்னு தெரியணும். மேல "தாரண"ன்னு ஒரு பேர். பூட்டி பேர் தாரணியா இருக்குமுங்களா? அந்தப் பேரை வம்சாவளியில சேர்த்துட்டேன். ஒவ்வொரு வரியிலயும் கொக்கியாட்டம் ஒரு எழுத்து வேற. கூட ஒரு மணியார்டர் துண்டு. அந்த புக்கோட ஆபீஸ் காப்பி எங்க கிடைக்கும்? ஞாயித்துக்கிழமை பங்காளிங்க கூடறாங்க, அவசரம்.

ஓலைநறுக்கு: எந்த ஊருங்க? எந்த வருசம்? அட்டை மேல அச்சடிச்ச எழுத்து என்ன? இந்த மூணும் இல்லாம யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. போட்டோ போடுங்க.

ஆழாக்கு: 40, 2 படிக்கணக்கா இருக்காதுங்க. 40 படி ஒரு வீட்டுக்கு ரொம்ப அதிகம். 1942-ல ரங்கூன் ஜப்பான்கிட்ட விழுந்து பர்மா அரிசி நின்ன பிறகுதான் இங்க பங்கீடே வந்தது, அந்தத் தட்டுப்பாட்டுல அவ்வளவு தர மாட்டாங்க. அதனால சேர்க்கணக்குன்னு நினைக்கிறேன், 40 சேர். தலைக்கணக்கு பார்க்கிறப்ப ஒண்ணு கவனிங்க: குழந்தையை முழு யூனிட்டா, அதாவது ஒரு முழு ஆள் பங்கா எழுத மாட்டாங்க. யூனிட் எண்ணிக்கையும் ஆள் எண்ணிக்கையும் ஒண்ணு இல்லை.

பழங்கணக்கு: அடிப்படை தெரியாமல் பெட்டியைத் திறந்தால் இப்படித்தான் ஆகும். "தாரண" பெண் பெயர் அல்ல, வருடத்தின் பெயர். தாரண ஆண்டு 1944 சித்திரை முதல் 1945 பங்குனி வரை. கொக்கி மாதிரி இருப்பது ௸, அதாவது மேற்படி. மேல் வரியில் உள்ள பெயரையே திரும்பக் குறிக்கும். ௵ வருடம், ௴ மாதம், ௳ நாள், ௶ பற்று, ௷ வரவு. இதைக் கூடப் படிக்காமல் வம்சாவளி எழுதினால் இல்லாத பூட்டி எல்லாம் வந்து உட்காருவார். கோவை ஆட்சியர் அலுவலக ஆவண அறையில் போய்ப் பாருங்கள்.

ஆழாக்கு: குறியீடு சரிங்க. ஆனா நான் சொன்ன சேர் 80 தோலா, கிட்டத்தட்ட 933 கிராம். 40 சேர்னா 37 கிலோ, ரெண்டு வாரத்துக்குப் பெரிய குடும்பத்துக்குப் பொருந்தும்.

பழங்கணக்கு: நம் பக்கத்துச் சேர் 24 தோலா. 5 சேர் ஒரு வீசை, வீசை 120 தோலா. ஆக ஒரு சேர் சுமார் 280 கிராம்தான். 80 தோலா என்பது சர்க்கார் சேர்.

ஆழாக்கு: பங்கீடும் சர்க்கார் கணக்குதானுங்களே. ரெண்டு சேரும் புழக்கத்துல இருந்ததுன்னுதான் நானும் சொல்றேன்.

ஓலைநறுக்கு: சேர்னு அந்த அட்டையில எழுதியிருக்குதான்னு இன்னும் யாருக்கும் தெரியாது. வம்சக்கிளை, ஊரைச் சொல்லுங்க.

வம்சக்கிளை: ஈரோடு பக்கமுங்க. சேர்னு எங்கயும் இல்லை. முதல் பக்கத்துல "தறி 3"ன்னு இருக்குது, அது முக்கியமுங்களா?

பாவுநூல்: அதுதானுங்க முக்கியம். அது அரிசிப் புத்தகமே இல்லை, நூல் பாஸ், நெசவாளி நூல் வாங்குற புத்தகம். 40, 20 ரெண்டும் நூல் நம்பர். 2, 1 கட்டுக்கணக்கு. கட்டுன்னா 10 பவுண்டு. ஒரு சிட்டம்னா 840 கெஜம் நூல், ஒரு பவுண்டுக்கு எத்தனை சிட்டம் வருதோ அதுதான் நம்பர். ஆக 40-ஆம் நம்பர் ஒரு கட்டுல 400 சிட்டம், 20-ஆம் நம்பர்ல 200. 1943-ல துணி, நூல் கட்டுப்பாட்டு ஆணை வந்த பிறகு நெசவாளிக்குத் தறிக்கணக்குப் பார்த்துத்தான் நூல். 3 தறின்னா 3 அண்ணன் தம்பின்னு முடிவு கட்டிடாதீங்க. கூலிக்கு ஆள் வெச்சு ஓட்டுன தறியும் அதுல சேரும். இதுல இருந்து வீட்டுத் தலைக்கணக்கு கிடைக்காது. முத்திரை யாரோடதுன்னு பாருங்க: கூட்டுறவுச் சங்கமா, லைசென்ஸ் வாங்குன நூல் வியாபாரியா?

சங்கமா இருந்தா நல்லது. உறுப்பினர் பதிவேட்டுல அப்பா பேர், பங்குத்தொகை, வாரிசு நியமனம் மூணும் ஒரே வரியில வரும். வியாபாரியா இருந்தா அந்தக் கடைக் கணக்கு கிடைக்கிறது கஷ்டம்.

ஓலைநறுக்கு: ஈரோட்டுல காவிரி ஆத்துக்கு இந்தப்பக்கமா அந்தப்பக்கமா?

வம்சக்கிளை: அந்தப்பக்கம், பள்ளிபாளையம்.

ஓலைநறுக்கு: அப்போ கோவைக்குப் போனா வீண் அலைச்சல். பள்ளிபாளையம் அன்னிக்குத் திருச்செங்கோடு தாலுகா, சேலம் ஜில்லா. நாமக்கல் மாவட்டம் 1997-லதான் பிரிஞ்சது. சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்துலயும் சேலம்னுதான் கேட்கணும். ஆனா அங்க இருக்கிறது பெரும்பாலும் அரசாணையும் கடிதமும். வீட்டு வாரியான பாஸ் நகல் வெச்சிருப்பாங்கன்னு எதிர்பார்க்காதீங்க. பழைய தாலுகா காகிதம் கையில கிடைச்சா, அதுல கோப்பு முடிச்ச குறியா ஆர்.டிஸ். போட்டிருந்தா நிரந்தரக் கோப்பு, டி.டிஸ்.னா 10 வருசத்துக்குத்தான். பாஸ் காட்டுற பேரையும் ஊரையும் எடுத்துக்கிட்டு பிறப்பு இறப்புப் பதிவு, நிலக் கணக்கான பழைய ஏ-பதிவேடு, சிட்டா பாருங்க. சங்கத்துல காட்ட மாட்டேன்னா, தகவல் உரிமை மனுவைச் சங்கத்துக்குப் போடாதீங்க. கூட்டுறவுச் சங்கம் அந்தச் சட்டத்துக்குள்ள தானா வராதுன்னு 2013-ல உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு. கைத்தறித் துறை சரக அலுவலகத்துக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டிப் போடுங்க.

பழங்கணக்கு: சேலம் ஜில்லா என்பது சரிதான். நான் கோவை என்றது ஈரோடு என்று கேட்டதால்.

களத்தபால்: அந்த மணியார்டர் துண்டை எல்லாரும் விட்டுட்டீங்க. முத்திரையில எப்.பி.ஓ.ன்னு ஒரு நம்பர் இருக்குதா? இருந்தா பட்டாளத்துக் களத் தபால் நிலையம், அனுப்பினது படையில இருந்த ஆள். அந்த நம்பர் அந்தத் தேதியில எங்க முகாம்னு மட்டும் காட்டும். எந்தப் படைப்பிரிவுன்னு காட்டாது. அதுக்கு அனுப்புனர் பேருக்கு முன்னால இருக்கிற சிப்பாய் நம்பர் வேணும். மெட்ராஸ் ரெஜிமென்ட்னா வெலிங்டன் ரெக்கார்டு ஆபீஸ், பட்டாளத்துப் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸ்னா பெங்களூரு. வாரிசுன்னு காட்ட ஆதாரமும் கூட வெச்சு எழுதுங்க.

வம்சக்கிளை: தாரணி பேரை எடுத்துட்டனுங்க. முத்திரை கூட்டுறவுச் சங்கம்தான், திங்கக்கிழமை போறேன். துண்டுல எப்.பி.ஓ. இருக்குது, நம்பர் பாதி அழிஞ்சிருக்குது. ஊதா எழுத்து. ஈரத்துணியால துடைச்சுப் பார்க்கலாமுங்களா?

களத்தபால்: வேண்டாம், தொடாதீங்க! ஊதான்னா காப்பியிங் பென்சில், தண்ணி பட்டா மொத்தமும் கரைஞ்சு பரவிரும். விளக்கைப் பக்கவாட்டுல தாழ வெச்சு, நாலு பக்கமும் திருப்பித் திருப்பிப் படம் எடுங்க. எழுதின அழுத்தம் நிழலாத் தெரியும். லேமினேஷனும் செல்லோடேப்பும் வேண்டாம். சிப்பாய் நம்பர் தெரிஞ்சுதுங்களா?