ஞாயிற்றுக்கிழமை எங்கே? (இங்கிலாந்து, ரெடிங் குடும்பக் குழு)

அக்கா: அப்பத்தா அடுத்த வாரம் ஊர் திரும்புகிறார். ஞாயிறன்று எங்கே அழைத்துச் செல்வது என்று இன்றைக்குள் சொல்லிவிடுங்கள். அதிகம் படியேற முடியாது.

பெரியப்பா: ஸ்டோக் ரோ போகலாம். அந்தச் சிற்றூரில் காசி மகாராஜா வெட்டிக்கொடுத்த கிணறு இருக்கிறது. சில்டர்ன் மலைப்பகுதி சுண்ணாம்புப் பாறை என்பதால் பெய்த மழை மேலே தங்காது. அந்தக் காலத்தில் கோடையில் குடிநீருக்கே திண்டாட்டம். வீட்டில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்துவிட்ட சிறுவனுக்கு அடி விழுந்த கதையை, அந்தப் பக்கத்துக்காரரான எட்வர்ட் ரீட் என்ற அதிகாரி காசியில் சொல்லியிருக்கிறார். அதை மறவாத மகாராஜா, தம் செலவில் 1863இல் வேலையைத் தொடங்கச் செய்தார். மறு ஆண்டே திறந்துவிட்டார்கள்.

அத்தை: அம்மா பார்க்காத கிணறா, அண்ணா?

பெரியப்பா: இதன் ஆழம் 368 அடி, லண்டன் செயின்ட் பால் பேராலயத்தின் உயரத்தைவிடக் கூடுதல். அகலமோ நாலே அடி. அத்தனையும் கையால் வெட்டியது. மேலே குவிமாடம், இறைக்கும் இயந்திரத்தின் மீது பொன்வண்ண யானை.

சித்தப்பா: அதற்கு யாரும் பூட்டுப் போடவில்லையா?

அக்கா: சித்தப்பா, வேண்டாம்.

பெரியப்பா: தண்ணீரை ஊருக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். பராமரிப்புச் செலவுக்குப் பக்கத்திலேயே செர்ரித் தோட்டம் வைத்தார்கள். காவலாளிக்கு எண்கோண வீடும் கட்டினார்கள். நம் கிணற்றுச் சாவியை நான் அன்றைக்கே அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

சித்தப்பா: எந்தச் சாவியை?

அத்தை: அம்மா ஊருக்குப் போகும்வரை அந்தப் பேச்சு வேண்டாம்.

நான்: கழிவறை வசதி உண்டா, பெரியப்பா?

பெரியப்பா: 1964இல் நூற்றாண்டு விழாவுக்கு இளவரசர் பிலிப் வந்தார், கங்கை நீரைக் கொண்டுவந்து கிணற்றில் சேர்த்தார்கள்.

அத்தை: கங்கை நீரா! அப்படியென்றால் அம்மா கட்டாயம் வருவார். நான் புளியோதரை கட்டிவிடுகிறேன்.

நான்: கழிவறை?

அக்கா: யார் வண்டி?

சித்தப்பா: என் வண்டியில் நாலு பேர்தான். அண்ணன் தம் வண்டியிலேயே வரட்டும்.

பெரியப்பா: அம்மா என்னோடு வருவார்.

சித்தப்பா: அதை அம்மா சொல்லட்டும்.

அக்கா: அப்பத்தா தூங்குகிறார். மழை வந்தால் என்ன செய்வது என்றும் யாராவது யோசியுங்கள்.

அத்தை: தயிர்சாதமும் வைக்கட்டுமா?