எரிபொருள் செலவைக் குறைப்பது எப்படி?

கேள்வி:
நாள்தோறும் காரில்தான் வேலைக்குச் சென்று திரும்புகிறேன். எரிபொருள் விலை ஏறியதிலிருந்து மாதக் கடைசியில் செலவு கையைக் கடிக்கிறது. இறக்கத்தில் நியூட்ரலுக்கு மாற்றினால் மிச்சமாகும் என்கிறார்களே, அது உண்மையா?

பதில் 1:
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் (எஞ்சினுக்குள் எரிபொருளைத் தெளிக்கும் மின்னணு அமைப்பு) உள்ள வண்டியை கியரிலேயே வைத்துக்கொண்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றுவதால் எரிபொருள் பாய்வது பெரும்பாலும் நின்றுவிடும்; நியூட்ரலிலோ எஞ்சின் அணையாமலிருக்க அது தொடர்ந்து எரிந்துகொண்டிருக்கும், இறக்கத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்தும் எஞ்சினின் உதவியும் கிடைக்காது. தொலைவில் சிவப்பு விளக்கு தெரிந்தவுடனேயே நான் காலை எடுத்துவிடுகிறேன்.

பதில் 2:
டயர் காற்றையும் கவனியுங்கள்; அது குறைந்தால் எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். என் காரின் பின்சக்கரம் ஒன்று பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. அளந்தபோது 32 psi (காற்றழுத்த அலகு) இருக்க வேண்டிய இடத்தில் 24 காட்டியது. சரியான அளவு பெரும்பாலும் ஓட்டுநர் கதவை ஒட்டிய தூணில் அச்சிடப்பட்டிருக்கும். டயர் சூடேறும் முன்பே அளக்க வேண்டும்.

பதில் 3:
காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப உயர்வதால், மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 100 கிலோமீட்டருக்குச் சென்றாலே அது ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிவிடும். ஆகவே, நெடுஞ்சாலையில் பயணம் செய்பவராயின் முதலில் வேகத்தைக் குறையுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. நாளைக் காலையிலேயே காற்றை அளந்துவிடுகிறேன்.