வரைவுப் பட்டியலில் அம்மா பெயர் இல்லை, பிறப்புச் சான்றிதழும் இல்லை: என்ன செய்வது?

பெரும்பாக்கம் மகள்:
2025 டிசம்பர் 19 அன்று வந்த எஸ்ஐஆர் (வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம்) வரைவுப் பட்டியலில் என் பெயர் இருக்கிறது, அம்மா பெயர் இல்லை. நாங்கள் திருவல்லிக்கேணியிலிருந்து இங்கே குடிவந்து எட்டு வருடம் ஆகிறது. அம்மாவின் ஓட்டை மாற்றாமலே விட்டுவிட்டோம். தேடிப் பார்த்தால் 'நிரந்தரமாக இடம்பெயர்ந்தவர்' என்று போட்டிருக்கிறது.

அம்மா 1964-ல் சென்னையில் வீட்டிலேயே பிறந்தவர். பிறப்புச் சான்றிதழ் கிடையாது. பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு சரி, அந்தக் காகிதமும் 2015 வெள்ளத்தில் போய்விட்டது. ஆதாரும் ரேஷன் கார்டும்தான் மிச்சம். படிவம் 8 கொடு என்கிறார் ஒருவர், ஆதார் போதும் என்கிறார் இன்னொருவர். ஒரு தேர்தல் விடாமல் ஓட்டுப் போட்டவரை இப்போது குடிமகள் என்று நிரூபிக்கச் சொல்கிறார்கள். அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

வாக்குச்சாவடி முகவர்:
சகோதரி, படிவம் 8 வேண்டாம். அது பட்டியலில் ஏற்கெனவே பெயர் இருப்பவர்களுக்கு. அம்மாவுக்குப் புதிதாகப் பெயர் சேர்க்கும் படிவம் 6, கூடவே எஸ்ஐஆர் உறுதிமொழிப் படிவம்.

ஆதாரையும் கொடுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் எஸ்ஐஆருக்கு ஏற்கெனவே இருந்த பதினொரு ஆவணங்களோடு அதைப் பன்னிரண்டாவதாக ஏற்கச் சொன்னது அடையாளத்துக்காக மட்டும்தான். குடியுரிமைக்கு அது சான்று ஆகாது.

முதல் வேலையாக, முந்தைய தீவிரத் திருத்தத்தில் வந்த 2002 / 2005 பழைய பட்டியலில் அம்மாவைத் தேடுங்கள். அந்த ஒரு வரி கிடைத்தால் பாதிக் கவலை தீரும். இப்போதைய தொகுதிப் பெயரில் தேடினால் கிடைக்காது. அன்று சேப்பாக்கம் தனி, திருவல்லிக்கேணி தனி. 2008 தொகுதி மறுவரையறைக்கு அப்புறம்தான் ஒன்றாயின. பெயரில் எழுத்துப் பிழை இருக்கலாம். அதனால் பழைய தெரு, கதவு எண் வைத்து வரிவரியாகப் பாருங்கள்.

ஓய்வுபெற்ற விஏஓ:
அம்மாவிடம் சொல்லும்மா, 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1-க்கு முன்பு வரை இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமக்கள். 1955 குடியுரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அவர் குடியுரிமையில் குறை ஒன்றும் இல்லை, காகிதம்தான் குறை.

பழைய பட்டியலில் கிடைக்காவிட்டாலும் வழி உண்டு. சாதிச் சான்றிதழ் ஏற்பார்கள், இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். அரசு தந்த வீட்டு ஒதுக்கீட்டு ஆணையும் ஆவணப் பட்டியலில் இருக்கிறது. உங்களுக்குக் குடிசை மாற்று வாரிய வீடா? ஆணை யார் பெயரில்?

நீ எந்த வருடம் பிறந்தாய்? 1987 ஜூலைக்குப் பிறகு என்றால் உனக்கும் நோட்டீஸ் வரலாம், அப்போது அப்பா அல்லது அம்மாவின் ஆவணமும் கேட்பார்கள். அம்மாவின் பழைய வரி உனக்கும் வேண்டும்.

பெரும்பாக்கம் மகள்:
நான் 1989, ஐயா. இரண்டு ராத்திரி உட்கார்ந்து தேடினேன், கிடைத்துவிட்டது! திருவல்லிக்கேணித் தொகுதியில், ஒரு எழுத்து தப்பாக, அப்பா பெயருக்குக் கீழேயே இருக்கிறார். பாகம் எண், வரிசை எண் குறித்துக்கொண்டேன். வாரிய வீடுதான், ஆணையும் அம்மா பெயரில். எல்லாவற்றையும் படிவம் 6-உடன் பிஎல்ஓவிடம் (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிவிட்டோம்.

ஓய்வுபெற்ற விஏஓ:
ரொம்ப சந்தோஷம். விசாரணைக்கு அழைத்தால் அம்மாவோடு நீயும் போ. அசலைக் காட்டு, நகலை மட்டும் கொடு. நிராகரித்தால் எழுத்தில் உத்தரவு கேள். 15 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம்.