முள் ஏறி நின்றால்தான் பேட்டரி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு பழைய பொருள் கடையில், சட்டைப்பைக் கடிகாரத்தைப் போன்ற வட்டமான நிக்கல் முலாம் வோல்ட் மீட்டர் ஒன்றை வாங்கியபோது, அதை அலமாரியில் வைத்து அழகு பார்க்கலாம் என்று மட்டுமே நினைத்தேன். 10 வோல்ட் வரை ஓர் அளவு, 50 வோல்ட் வரை இன்னோர் அளவு. அடியில் இரண்டு கூர்முனைகள், மேலே துணி சுற்றிய ஒற்றைக் கம்பி. வால்வு (டிரான்சிஸ்டருக்கு முன்பிருந்த கண்ணாடிக் குழல்) வானொலிகள் பேட்டரியிலேயே பாடிய 1920-களில் பரவலாகப் புழங்கிய வகை அது.

என்னிடம் நான்கு வால்வுகள் கொண்ட 1950-களின் வானொலி ஒன்று இருக்கிறது. வால்வுகளின் இழையைச் சூடாக்க 1.5 வோல்ட்டும், அவற்றின் தகட்டுக்கு 90 வோல்ட்டும் அதற்குத் தேவை. அந்தக் காலத்து 90 வோல்ட் பேட்டரி இப்போது கடைகளில் இல்லாததால், 9 வோல்ட் பேட்டரிகள் பத்தை வரிசையாக இணைத்திருந்தேன். சில மாதங்களில் பாட்டுக்கு நடுவே, ஆற்றில் மோட்டார் படகு போவதைப் போன்ற 'படபட' ஓசை எழுந்தது. டிஜிட்டல் மீட்டர் மொத்தம் 86 வோல்ட் காட்டியதால், பழுது வானொலியில்தான் என்று முடிவுகட்டி, இரண்டு வாரம் அதைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரப்பர் தோட்டத்து ஆலையில் வேலை பார்த்தவரும், லயத்து வீடுகளின் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளின்) ஈய பேட்டரிகளுக்கு அங்கேயே சார்ஜ் ஏற்றிக் கொடுத்தவருமான என் பெரியப்பா, மேசைமேல் கிடந்த பழைய மீட்டரைக் கையில் எடுத்தார். "ஒவ்வொன்னா தொட்டுப் பாருய்யா. முள்ளு ஏறி நின்னா நல்லது, ஏறிட்டு எறங்குனா தூக்கிப் போடு" என்றார். ஆறு பேட்டரிகளில் முள் ஏறி நின்றது. மற்ற நான்கில், ஏறிய முள் சில நொடிகளிலேயே 5 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தது. அதே நான்கும் டிஜிட்டல் மீட்டரில் 8 வோல்ட்டுக்கு மேல் காட்டியவை!

காரணம் எளியது. டிஜிட்டல் மீட்டரின் உள்தடை பொதுவாக 1 கோடி ஓம் என்பதால், அது பேட்டரியிலிருந்து ஏறக்குறைய எதையுமே இழுப்பதில்லை. பழைய மீட்டரின் 10 வோல்ட் அளவில் நான் கண்ட தடையோ சுமார் 300 ஓம்தான். 9 வோல்ட்டில் அது 30 மில்லி ஆம்பியர் இழுக்கிறது. தளர்ந்த பேட்டரிக்குள் தடை கூடிவிடுவதால், சுமை ஏறிய உடனே அதன் வோல்ட் விழுந்துவிடுகிறது. பேட்டரியின் அந்த உள்தடையை எல்லா வால்வுகளும் பகிர்ந்துகொள்வதால், கடைசி வால்வின் மின்னோட்ட அசைவு முன்னுள்ள வால்வுகளுக்குத் திரும்பிப் போய்ப் படகு ஓசையாகிறது. அதைத் தடுக்க வேண்டிய மின்தேக்கியும் என் வானொலியில் காய்ந்துபோயிருந்தது, அதையும் மாற்றினேன்.

இதே உருவில் 35 ஆம்பியர் வரை காட்டும் மீட்டர்களும் உண்டு. அவை ஆறு அங்குல உயரமுள்ள 1.5 வோல்ட் உலர்மின்கலத்துக்கு உரியவை. புதிய மின்கலம் 25 முதல் 30 ஆம்பியர் காட்டும், அதுவும் ஒரு நொடி தொட்டால் போதும். ஈய பேட்டரியில் தயவுசெய்து அதை வைத்துவிடாதீர்கள்: பாயும் மின்னோட்டத்தில் மீட்டர் கருகிவிடும், கையும் சுடும்.

நான்கு பேட்டரிகளை மாற்றிய அன்றிரவு, சிற்றலையில் பாட்டு அந்தப் படகு ஓசையின்றிக் கேட்டது. பெரியப்பா கடைசிவரை எழுந்து போகவில்லை.