மறு: "ரிசீவிங் ஆண்டெனா"வுக்குத் தமிழ் – கேள்கம்பி? கேளாத்திசை?

ஹாம் (அமெச்சூர்) வானொலிக் குழுவினருக்கு வணக்கம். அனுப்புவதற்கல்லாமல் கேட்பதற்கென்றே கட்டும் ஆண்டெனாவுக்கு (ரிசீவிங் ஆண்டெனா) தமிழ்ச்சொல் தேடுகிறோம். ஒருவர் கேட்டிருந்தார்:

> "அலைவாங்கி" ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே. "வாங்கும்
> அலைவாங்கி" என்று போட்டால் போதாதா?

போதாது ஐயா. அப்படியானால் அனுப்புகிற ஆண்டெனாவை "அனுப்பும் அலைவாங்கி" என்று எழுத வேண்டி வரும், படிப்பவர் சிரிப்பார். மேல் பேண்டுகளில் (உயர் அதிர்வெண்களில்) இந்தச் சிக்கல் அவ்வளவாக இல்லை. அனுப்பவும் கேட்கவும் பெரும்பாலும் ஒரே கம்பிதான். 160, 80 மீட்டர் அலைநீளப் பேண்டுகளுக்கு இறங்கும்போதுதான் கேட்பதற்கென்றே தனியாக ஒன்று கட்டுகிறோம்.

என் யோசனை "கேள்கம்பி". கொள்கலன், ஊறுகாய் போல வினைத்தொகை. கேட்கம்பி என்று புணர்த்த வேண்டாமா என்று ஒருவர் கேட்கத்தான் போகிறார். கொள்கலனை யாரும் கொட்கலன் என்பதில்லை, விட்டுவிடுங்கள்.

எனக்கு இதைவிட அவசரமாகத் தேவைப்படுவது வேறொரு சொல். ஆண்டெனா எந்தப் பக்கம் கேட்காதோ, அந்தப் பக்கத்துக்கு ஆங்கிலத்தில் உள்ள சொல்லை (null) அப்படியே தமிழில் எழுதினால் "நல்" என்று வருகிறது. "லூப்பின் நல் பக்கத்தை இன்வெர்ட்டர் இருக்கும் திசைக்குத் திருப்பவும்" என்று போன மாதம் ஒரு குறிப்பில் எழுதினேன். லூப் என்பது வளைய ஆண்டெனா, இன்வெர்ட்டர் இரைச்சல் கிளப்பும் பெட்டி. நல்ல பக்கத்தைத்தான் சொல்கிறேன் என்று புரிந்துகொண்டு, புதிதாக லைசன்ஸ் வாங்கிய தம்பி ஒருவர் நன்றாகக் கேட்கும் பக்கத்தை இன்வெர்ட்டருக்கு நேராகத் திருப்பி வைத்துவிட்டார். "சுழி" என்று வைக்கலாம் என்றால் அது பூஜ்யத்துக்கும் ஆகிறது, தலையிலும் இருக்கிறது.

மனை சின்னதாக ஆக ஆக இந்தச் சொல்தான் முக்கியமாகிறது. என்னுடையது சென்னையில் அரை கிரவுண்டு, 20-க்கு 60 அடி. ஹெரால்ட் பெவரேஜ் 1921-இல் காப்புரிமை வாங்கிய நீளக் கம்பி ஆண்டெனாவை 160 மீட்டர் பேண்டில் ஒரு அலைநீளத்துக்கு இழுத்தால் எங்கள் தெருவைத் தாண்டி அடுத்த தெருவுக்குப் போய்விடும். (மொழிபெயர்ப்புக் கருவி ஒன்று அந்த "பெவரேஜ் ஆண்டெனா"வை "பான ஆண்டெனா" என்றது. கருவிக்குத் தாகம் போல.) கேரி பிரீட் 1997-இல் கியூஎஸ்டி என்ற அமெரிக்க ஹாம் இதழில் எழுதிய, அவருடைய அழைப்புக்குறியான கே9ஏஒய் என்ற பெயரில் வழங்கும் வளைய ஆண்டெனாவுக்கு 25 அடிக் கம்பம் ஒன்று போதும்தான். ஆனால் நடுவிலிருந்து பக்கத்துக்கு 15 அடி வேண்டும், மண்ணில் எர்த் கம்பியும் இறக்க வேண்டும். குறுக்கும் நெடுக்குமாக இரண்டு வளையம் போட்டு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வைத்து நாலு திசைக்கும் மாற்றுவதுதான் அதன் அழகு. 20 அடி அகலத்தில் அதற்கு இடமேது?

மிச்சம் இருப்பது மொட்டை மாடியும் ஒரு மீட்டர் சுற்று வளையமும். அது மிகக் குறைவாகத்தான் பிடிக்கும், பரவாயில்லை. 1.8 மெகாஹெர்ட்ஸில் (அதாவது 160 மீட்டர் பேண்டில்) வெளியிலிருந்து வரும் இரைச்சலே ரிசீவரின் சொந்த இரைச்சலைவிடப் பல மடங்கு. சிக்னலும் இரைச்சலும் சேர்ந்து குறைந்தால் நட்டம் ஒன்றுமில்லை, இரைச்சல் மட்டும் குறைந்தால் லாபம்.

டிரான்சிஸ்டரில் இலங்கை வானொலி கேட்ட காலம் நினைவிருக்கிறதா? மத்திய அலை நிலையம் சரியாக வரவில்லை என்றால் பெட்டியைத் திருப்புவோம். ஏறக்குறைய எப்படி வைத்தாலும் பாடும். உள்ளே ஆண்டெனாவாக இருக்கும் ஃபெரைட் (காந்தப் பொருள்) தண்டின் முனை நேராக நிலையத்தைப் பார்க்கும்போது மட்டும் குரல் அப்படியே அடங்கிப்போகும். வளையமும் அதே கதைதான். நன்றாகக் கேட்கும் பக்கத்திலிருந்து 45 பாகை திருப்பினாலும் 3 டெசிபல்தான் குறையும். 80 பாகையில் 15 டெசிபல். மீதிப் பத்துப் பாகைக்குள்தான் கிணற்றில் விழுகிற மாதிரி விழும். கேட்கிற பக்கம் அகலம், கேட்காத பக்கம் ஊசிமுனை. ஆகவே கேட்க வேண்டியதைக் குறிவைத்துத் திருப்புவதில் பயனில்லை, கேட்கக் கூடாததைக் குறிவைக்க வேண்டும்.

எனக்கு அது பின்வீட்டு இன்வெர்ட்டர். ஒரு ராத்திரி தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் உட்கார்ந்து கையாலேயே வளையத்தைத் திருப்பினேன். கரகரவென்று இருந்தது ஓரிடத்தில் சட்டென்று நின்றது. அடியில் மெல்லியதாக ஒரு மோர்ஸ், ஐரோப்பியர் ஒருவர். ஒரு விரல்கடை நகர்த்தினேன், ஆளைக் காணோம். முதல் வாரம் இது வாய்க்கவில்லை, ஏனென்றால் வளையத்திலிருந்து ரிசீவருக்குப் போகும் கோ-ஆக்ஸ் கேபிளின் உலோக வெளியுறையே இரைச்சலை அள்ளிக்கொண்டு வந்தது. கேபிளே இன்னொரு கேள்கம்பி! ஃபெரைட் வளையத்தில் கேபிளைப் பல சுற்றுச் சுற்றிய பிறகுதான் அடங்கியது.

இதற்குத்தான் "கேளாத்திசை" என்கிறேன். "கேளாத்திசை ஆழம்", "கேளாத்திசை நிரம்பிவிட்டது" (அந்தப் பக்கமும் கேட்கத் தொடங்கிவிட்டது) என்றெல்லாம் நீட்டவும் வளைகிறது. கருத்துச் சொல்லுங்கள்.

73 (ஹாம் வழக்கில் "அன்பு வாழ்த்துகள்")

---

அண்ணா, கேள்கம்பி பிடித்திருக்கிறது. "திசை"யில்தான் இடறுகிறேன்.

உங்கள் இன்வெர்ட்டர் தரைமட்டத்தில் பக்கத்திலேயே இருக்கிறது, அதனால் திசை என்றதும் பொருந்திவிட்டது. எனக்குத் தொல்லை சித்திரை, வைகாசி மாலைகளில் மேற்கே கட்டும் இடிமழை. தொலைவில் வெட்டும் மின்னலின் சடசடப்பு மேலிருந்து சாய்வாக இறங்குகிறது. ஊரில் தோப்பு இருப்பதால் கே9ஏஒய் போட்டிருக்கிறேன். கடைசியில் உள்ள ரெசிஸ்டரின் அளவை மாற்றினால் அது கேட்காத பக்கம் மேலும் கீழுமாக நகர்கிறது. திசை என்றால் நம் மக்கள் எட்டுத் திக்கைத்தான் நினைப்பார்கள். மேல்நோக்கி 40 பாகை என்பது எந்தத் திக்கு?

"கேளாப்புறம்" என்று வைக்கலாமே? கேளாப்பக்கம் என்றுதான் முதலில் எழுதினேன், இணையத்தில் பக்கம் என்றால் வேறாகிவிட்டது.

---

சரி தம்பி, ஒப்புக்கொள்கிறேன். புறம் மேலேயும் போகும், பக்கத்திலும் போகும். நேற்று ராத்திரியே வளையத்தின் அடித்தட்டில் மாஸ்கிங் டேப் ஒட்டி இரண்டு பக்கமும் "கேளாப்புறம்" என்று எழுதிவிட்டேன். காலையில் துணி உலர்த்த மாடிக்கு வந்த அம்மா, "யார்கிட்டடா கேக்கக் கூடாது?" என்றார்.

அந்தக் கடைசி ரெசிஸ்டருக்கு யாராவது ஒரு பெயர் ஆரம்பித்து வையுங்கள். "முடிவுத்தடை" வேண்டாம், தேர்வு முடிவை நிறுத்தி வைத்த மாதிரி இருக்கிறது.

73