மறு: 'ஸ்கொயர் ஃப்ரீ' எண்ணுக்குத் தமிழில் என்ன?

நண்பர்களே, வணக்கம். 510510 என்ற எண்ணின் பண்புகளைப் பற்றிய பாடம் ஒன்றை நாளை மாலைக்குள் மொழிபெயர்த்துத் தர வேண்டும். 2, 3, 5, 7, 11, 13, 17 என்ற முதல் ஏழு பகா எண்களின் பெருக்கற்பலன் அது, 128 வகுத்திகள். இதுவரை சிக்கலில்லை. 'ஸ்கொயர் ஃப்ரீ', அதாவது 4, 9, 25 போன்ற எந்த வர்க்க எண்ணாலும் வகுபடாத எண், வந்ததும் நின்றுவிட்டேன். 'வர்க்கமற்ற எண்' என்று போடலாமா?

—

போட்டால் எண்களுக்குள் பொதுவுடைமை வந்துவிட்டதா என்று கேட்பார்கள்! சிரிப்பை விடுங்கள், பொருளும் பிசகுகிறது. 12 வர்க்க எண் அல்ல. ஆகவே வர்க்கமற்றது என்று மாணவர் எழுதிவிடுவார். ஆனால் 4 அதை வகுக்கிறதே! எண்ணே வர்க்கமா என்பதல்ல, அதற்குள் வர்க்கம் ஒளிந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி.

—

வர்க்கமே வடசொல். அதை ஏன் சுமக்க வேண்டும்? 'சதுரமிலி' என்க.

—

ஐயா, சதுரத்துக்குள் இருப்பதும் வடமொழிச் 'சதுர்'தான், நான்கு. 'வடவெழுத்து ஒரீஇ', அதாவது வடவெழுத்தை நீக்கி, வந்தால் ஏற்கலாம் என்று தொல்காப்பியரே வழிவிட்ட பிறகு நமக்கென்ன? வர்க்கமூலம் பள்ளியிலேயே பழகிய சொல்.

—

சரி, இரண்டும் வேண்டாம். 'பகா எண்' எவ்வளவு அழகு பாருங்கள்! ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். பகு என்ற வேர் சாமானியமா? பகுதி, பகல், பகை, பாதி, பால் எல்லாம் அதன் பிள்ளைகள் என்பேன். பக்கத்தையும் சேர்ப்பேன், சண்டைக்கு வருவோர் வரட்டும். அதே அச்சில், எந்தப் பகாக் காரணியும் இரண்டாம் முறை வராததால் 'மீளா எண்'. 510510 என்பது 510 × 1001, அதனால்தான் 510ஐ இருமுறை எழுதியதுபோல் இருக்கிறது. இலக்கங்கள் மீள்கின்றன, காரணிகள் மீளவில்லை. என்ன நயம்!

—

'மீளா' என்றாலே மீளாத் துயில்தான் நினைவுக்கு வருகிறது. வகுப்பறையில் இரங்கல் கூட்டம் நடத்தவா?

—

சுந்தரர் 'மீளா அடிமை' என்று பாடவில்லையா? அது இரங்கலா?

—

தேவாரம் இருக்கட்டும், பதினான்கு வயதுப் பிள்ளைக்குப் புரிய வேண்டாமா? 'வர்க்கக் காரணியற்ற எண்'. நீளம்தான், ஆனால் விளக்கவுரை தேவையில்லை.

—

எனக்கும் அதுவே சரி.

—

நானும். தூக்கம் வருகிறது.

—

நன்றி. அதையே எழுதி அனுப்பிவிடுகிறேன்.

—

ஒரு நிமிடம். 1 என்பதும் வர்க்கம்தான், எல்லா எண்ணுக்கும் காரணியும்தான். இந்தச் சொல்லின்படி பார்த்தால் ஓர் எண்கூடத் தேறாதே?

—

'1 தவிர' என்று அடிக்குறிப்பு போட்டுவிட்டேன்.

—

விளக்கவுரை தேவையில்லை என்றீர்களே! 'மீளா எண்' என்றால் அடிக்குறிப்பே வேண்டியிருக்காது. 1க்குப் பகாக் காரணியே கிடையாது, மீள்வதற்கு.