எங்கள் வாடகையும் அந்த 20 வீதமும்

கனடாவில், ஸ்காபரோவில், வருமானத்தைப் பார்த்து வாடகை போடுகிற உதவி வீடு ஒன்றில் பதின்மூன்று வருடமாக இருக்கிறோம். போன கிழமை கீழ்வீட்டு அக்கா ஒருவர் வாடகைக் கடிதத்தைக் கையில் பிடித்தபடி வந்தார். "தங்கச்சி, இவருக்கு வேலை பாதியாகப் போயிட்டுது. இவை போன வருசக் கணக்கையே போட்டிருக்கினம்" என்றார். எங்களுக்கும் இதே கதைதான் நடந்தது. அதை இங்கே எழுதிவிடுகிறேன்.

முந்திய முறையில் மாதச் சம்பளத்தைப் பிடிப்புகளுக்கு முன் எடுத்து, அதில் 30 வீதத்தை வாடகையாகப் போடுவார்கள். மணித்தியாலம் கூடினாலும் குறைந்தாலும் அறிவிக்க வேண்டும். நத்தாருக்கு முன்பு ஓவர்டைம் வந்தால் சந்தோஷப்படவே பயமாக இருக்கும். எல்லாருடைய சம்பளத் துண்டுகளையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருப்பேன். ஒன்று குறைந்தாலும் திருப்பி அனுப்புவார்கள்.

2021 ஜூலை 1 முதல் எங்கள் ஒன்ராறியோ மாகாணம் முழுவதும் முறை மாறிவிட்டது. இப்போது டக்ஸ் செய்த பிறகு வரும் மதிப்பீட்டுக் கடிதத்தைத்தான் பார்க்கிறார்கள். அதில் 23600 என்ற இலக்கத்துக்கு நேரே நிகர வருமானம் இருக்கும். வீட்டில் கணக்கில் வருகிறவர்களின் தொகையைக் கூட்டி, 12 ஆல் பிரித்து, 30 வீதம். வருடத்துக்கு ஒருமுறைதான். பிள்ளைகளின் பராமரிப்புக்கென்று வரும் காசு இப்போது கணக்கில் இல்லை. ஆகக் குறைந்த வாடகை மட்டும் 85 டொலரிலிருந்து 129 ஆகி, அதற்குப் பிறகும் வருடாவருடம் ஏறுகிறது.

எனக்கு இந்த மாற்றம் பிடித்தது, இப்போதும் பிடிக்கும். ஓவர்டைம் செய்துவிட்டு நிம்மதியாக நித்திரை கொள்ளலாம். ஆனால் இது போன வருடத்தைத் திரும்பிப் பார்க்கிற கணக்கு. அங்கேதான் நாங்கள் மாட்டினோம்.

2022இல் என் கணவருக்கு வருட வருமானம் 26,400, எனக்கு 21,600. சேர்த்தால் 48,000. மாத வாடகை 1,200 டொலர் என்று கடிதம் வந்தது, சரி. 2023 செப்டம்பரில் இவருடைய தொழிற்சாலையில் ஷிப்டை வெட்டிவிட்டார்கள். வருமானம் இறங்கியும் மூன்று மாதம் அதே 1,200ஐக் கட்டினோம். வாடகை அலுவலகத்துக்கு போன் எடுத்தால், "அடுத்த மீளாய்வில் பார்க்கலாம்" என்றார் ஒரு பிள்ளை. நானும் நம்பிவிட்டேன். அந்த மூன்று மாதமும் கடன் அட்டையில்தான் சாப்பாட்டுச் சாமான் வாங்கினோம்.

கோயிலில் கண்ட ஒரு அண்ணைதான் சொன்னார்: வருமானம் 20 வீதமோ அதற்கு மேலோ இறங்கினால், வருடத்தின் நடுவிலும் வாடகையைத் திருப்பிக் கணக்கிடக் கேட்கலாம் என்று. அன்று இரவு குசினி மேசையில் இருந்து கணக்குப் போட்டேன். இவருக்கு இனி வருடத்துக்கு 16,800தான் வரும். இரண்டு பேருக்கும் 38,400. குறைந்தது 9,600. சரியாக 20 வீதம்! இரண்டு தரம் கூட்டிப் பார்த்தேன்.

வேலையிடத்துக் கடிதமும் புதிய சம்பளத் துண்டுகளும் கொண்டுபோய்க் கொடுத்தோம். எழுத்தில் கேட்டோம், பிரதியில் திகதி முத்திரை வாங்கினோம். வாடகை 960 ஆனது. கட்டிமுடித்த மூன்று மாதக் காசு திரும்பி வரவில்லை. மாதம் 240 டொலர் எங்களைப்போன்ற வீட்டுக்கு என்னவென்று உங்களுக்குத் தெரியும். இந்த 20 வீதக் கதையை வாடகைக் கடிதத்தின் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போட வேண்டும். தமிழிலும் போட வேண்டும்.

வருமானம் இறங்கினால் மட்டுமல்ல, வீட்டில் ஆள் கூடினாலும் குறைந்தாலும், யாராவது முழுநேரப் படிப்பைத் தொடங்கினாலும் நிறுத்தினாலும் உடனே அறிவிக்க வேண்டும். எங்கள் மகன் கல்லூரியில் படித்துக்கொண்டு சனி ஞாயிறில் கடையில் வேலை செய்கிறான். முழுநேர மாணவன் என்பதால் அவன் சம்பளம் கணக்கில் வராது. நேற்று, "அம்மா, இந்தமுறை இரண்டு பாடத்தை விடப்போறன்" என்றான். விட்டால் முழுநேரம் என்றே பதிவில் இருக்குமா என்று கேட்டு, திங்கட்கிழமை கடிதமாக வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன்.